தானாக நின்றவள்

அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வக்கீலம்மா என்பார்கள். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் தொட்டறியாதவள். வீடுகளில் தரை துடைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் புரட்டிப் போட்டுப் பிழைக்கிறவள். ஆனால் இந்த வெளிநாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவள். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவள் அறைக் கதவைத் தட்டுவார்கள். வீட்டம்மா பாஸ்போர்ட்டைக் கேட்கிறாள், கொடுக்கலாமா? காய்ச்சல் என்று சொன்னால் சம்பளத்தைப் பிடிப்பார்களா? அவளிடம் பதில் இருக்கும். இல்லாவிட்டாலும், இருக்கிற மாதிரி சொல்லத் தெரியும். பேரை முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். நாளாக ஆகக் கேலி தேய்ந்து பேர் மட்டும் தங்கிவிட்டது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. அதை அவள் வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

அதனால், தன் தம்பி மனைவியைச் சலவைக் கம்பெனியில் வர வேண்டாம் என்று சொன்னபோது, இனி எங்கே போய் என்ன பேசுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு வேறு யாருக்கும் போகவில்லை.

தம்பி மனைவி வேலை பார்த்தது, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் இடத்தில். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. அவளுக்கு ஜோடி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்தி. இவளோ குள்ளம். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றால் விரிப்பு சறுக்குமரம் மாதிரி சாயும். "உன் தலையில கொஞ்சம் தண்ணி ஊத்தி வை, வளரட்டும்" என்பாளாம் நெட்டை. இதையெல்லாம் அறைக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள் தம்பி மனைவி. சிரித்துக்கொண்டே இருக்கும்போது தூங்கியும் போவாள். கல்யாணமான புதிதில், வீட்டில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கியவள். அன்றைக்கு நாத்தனாரான வக்கீலம்மா வைத்த பேர் தூங்குமூஞ்சி. அந்தப் பேர் கடலைத் தாண்டி இங்கேயும் கூடவே வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவளும் நாத்தனார்தானே.

கம்பெனியில் வேலைக்கு இன்ன நேரம் என்று கிடையாது. போனில் செய்தி வரும். வந்தால் போக வேண்டும். ஒன்றிரண்டு தடவை போகாவிட்டால் அப்புறம் செய்தி வராது. ஒரு வாரம் ஆளே வேண்டாம் என்பார்கள். அடுத்த வாரம், இரவு முறை முடித்துப் பேருந்தில் ஏறினவளைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிடுவார்கள். அப்படித் திரும்பிப் போன ஒரு காலையில், இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்த விரிப்புக் குவியலின் மேல் அவள் சும்மா ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் வந்து எழுப்பியபோது கன்னத்தில் விரிப்பின் தையல் தடம் பதிந்திருந்தது. மறுநாள் அவர் போனில் கூப்பிட்டு, "இனிமே வர வேணாம்மா" என்றார். தமிழ் பேசுகிறவர்தான். அவ்வளவுதான் சொன்னார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

கம்பெனி, தொழிலாளர் அலுவலகத்துக்கு வேறு மாதிரி எழுதிப் போட்டது. நாங்கள் நிறுத்தவில்லை, அவளாக வருவதை நிறுத்திவிட்டாள் என்று. இங்கே வேலை செய்ய அவளுக்கு இருந்த பர்மிட் கம்பெனி பேரில் இருந்தது. கம்பெனி போனால் அதுவும் போகும். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்போம், கூட ஒரு சொந்தக்காரர் வரலாம் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். வக்கீலம்மா வேலை பார்க்கும் வீட்டில் லீவு சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பேருந்தில் தம்பி மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

"அக்கா, நெட்டை நேத்து போன் பண்ணினா."

"என்னவாம்?"

"நிறுத்திட்டாங்கன்னே சொல்லச் சொல்றா. அப்படிச் சொன்னாத்தான் நல்லதாம். யாரோ சொன்னாங்களாம்."

"யாரோன்னா யாரு?"

"அவ ரூம்ல இருக்குற ஒருத்தியாம்."

"ரூம்ல இருக்குற ஒருத்தி. நெட்டையே நேத்து வந்தவ, அவ ரூம்ல இருக்குறவ இன்னிக்குக் காலைல வந்திருப்பா." வக்கீலம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சரி, நிறுத்திட்டாங்கன்னு சொல்ற. அடுத்த கேள்வி என்ன வரும்?"

தம்பி மனைவி யோசித்தாள். "ஏன் நிறுத்தினாங்கன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

தம்பி மனைவி கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"தூங்கினேன்னு சொல்லுவியா? எழுதி வச்சுக்குவாங்கடி. அப்புறம் நீ எந்த வாசல்ல போய் நின்னாலும் அது உனக்கு முன்னாடி போய் நிக்கும். நானே நின்னுட்டேன்னு சொல்லு. பேரு சுத்தமா இருக்கும். நாளைக்கே உனக்கு ஒரு வீட்டுல வேலை பாத்து, பர்மிட்டையும் அவங்க பேருக்கு மாத்தித் தரேன்."

"ஆனா அவங்கதானேக்கா நிறுத்தினாங்க."

"உண்மை வேற, பேரு வேற."

இதைச் சொன்னபோது அவளுக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. எத்தனை பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லிக் கரை சேர்த்திருக்கிறாள். அது பொய்யும் இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஊர்த் தொழிலாளர் சட்டத்தில் இடம் கிடையாது. வீடு என்பது வேலையிடம் ஆகாதாம். ஒரு வீட்டம்மா இன்னொரு வீட்டம்மாவிடம் போனில் சொல்லும் நல்ல வார்த்தைதான் அங்கே சட்டம், கோர்ட், தீர்ப்பு எல்லாம். துரத்தப்பட்டவள் என்று ஒரு தடவை பேர் விழுந்தால் அந்தத் தெருவே கதவைச் சாத்தும். தானாக நின்றவள் என்றால், பாவம் ஏதோ கஷ்டம் என்று அடுத்த வீடு எடுத்துக்கொள்ளும். அவள் இத்தனை வருடம் நடந்த பாதை அது. கம்பெனிக்கு வேறு பாதை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததா, நெட்டை சொல்லி அது சரியாகப் போய்விடுமோ என்று தோன்றவிடாமல் வைத்தாளா என்று பின்னால் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

விசாரணை அறை சின்னது. ஜன்னல் ஓரத்தில் ஒரு செடி, யாரோ மறக்காமல் தண்ணீர் ஊற்றும் செடி. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. பேனா மூடியைக் கடித்துக் கடித்துச் சப்பையாக்கி வைத்திருந்தார். பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்த இளைஞன். மேசையின் முனையில் மொழிபெயர்ப்பாளர், கண்ணாடி போட்ட சின்னப் பெண். வீட்டில் கேட்டுக் கற்ற தமிழ் அவளுடையது. சில வார்த்தைகள் அவள் அம்மாவின் குரலிலேயே வந்த மாதிரி இருந்தன.

கம்பெனி ஆள் முதலில் ஒரு குரல் செய்தியைப் போட்டுக் காட்டினான். வர வேண்டாம் என்ற போனுக்குப் பிறகு தம்பி மனைவி மேற்பார்வையாளருக்கு அனுப்பியது. "சரிங்க சார். இவ்வளவு நாள் வேலை குடுத்தீங்க, ரொம்ப நன்றி. அப்ப நான் வரேன்."

கம்பெனி ஆள் ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னாள். "நீங்க 'வரேன்'னு சொல்லியிருக்கீங்க, ஆனா அதுக்கப்புறம் வேலைக்கு வரலைன்னு சொல்றாரு. இதை மெஷின்ல போட்டு மொழிபெயர்த்தாங்களாம்."

தம்பி மனைவி திகைத்துப் போனாள். "ஐயையோ, வரேன்னா போறேன்னுங்க."

மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு அதிகாரியிடம் நிதானமாக விளக்கினாள். கையை வாசல் பக்கம் காட்டி, நெஞ்சுப் பக்கம் திருப்பி, மறுபடி வாசலைக் காட்டினாள். அதிகாரி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். சிரித்தார். கம்பெனி ஆளைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அவன் முகம் சுருங்கியது. அந்த அறையில் எல்லோரும் ஒரு நொடி தம்பி மனைவியின் பக்கம் இருந்தார்கள். வக்கீலம்மாவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பேச்சு புரியாத இடத்தில் முகத்தைப் படிக்கத் தெரிந்துதானே அவள் இத்தனை காலம் பிழைத்தாள்.

அப்புறம் அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் மெல்ல எடுத்து வைத்தாள். "வேலைய நீங்களா விட்டீங்களா, அவங்க நிறுத்தினாங்களா?"

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். "அவங்க..." என்றாள்.

மேசைக்குக் கீழே வக்கீலம்மாவின் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டது. தொட்டது என்றுதான் வக்கீலம்மா நினைவு வைத்துக்கொள்ள விரும்பினாள். உண்மையில் இடித்தாள்.

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில், விருந்தாளிகளுக்கு நடுவில் யாரோ எழுப்பி விழித்தபோது இருந்த அதே பார்வை. பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் நிறுத்தலைங்க. நானேதான் நின்னுட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் உடனே மாற்றிச் சொல்லவில்லை. "நீங்களா, உங்க இஷ்டத்துலயா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அவங்க வர வேணாம்னு எதுவும் சொல்லலையா?"

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். உன்னைக் கேள்வி கேட்கச் சொல்லவில்லையே என்கிற பார்வை.

"இல்லைங்க. நானே நின்னேன்." இந்தத் தடவை குரல் திடமாக இருந்தது. மானத்தோடு பேசுகிறவளின் குரல். வக்கீலம்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தேறிவிட்டாள் தூங்குமூஞ்சி என்று நினைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னாள். அந்த மொழியில் அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. அதிகாரி சிரிப்பு மறைந்த முகத்தோடு எழுதினார். கம்பெனி ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். தம்பி மனைவி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நடைபாதையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மொழிபெயர்ப்பாளர் பின்னால் வந்தாள்.

"நீங்க அவங்க அக்காவா?"

"நாத்தனார்மா."

"நான் உள்ள எதுவும் சொல்லக் கூடாது. சொன்னதை மாத்தாம சொல்றது மட்டும்தான் என் வேலை. திரும்பத் திரும்பக் கேட்டதுக்கே அவர் எப்படிப் பாத்தார்னு பாத்தீங்கல்ல. எனக்கும் கூப்பிட்டாத்தான் வேலை. இனிமே கூப்பிடுவாங்களோ என்னவோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏங்க அப்படிச் சொன்னாங்க?"

"ஏன், என்ன தப்பு?"

"நிறுத்திட்டாங்கன்னு சொல்லியிருந்தா, வேற கம்பெனி தேட ரெண்டு மாசம் டைம் குடுப்பாங்க. எதுக்கு நிறுத்தினாங்கங்கிறதைப் பாக்கவே மாட்டாங்க. வேலை நேரத்துல தூங்கினாலும் சரி, எதையாவது உடைச்சாலும் சரி. திருட்டு, அடிதடி மட்டும் இருக்கக் கூடாது. தானா நின்னவங்களுக்கு அது கிடையாது. நின்ன அன்னிக்கே பர்மிட் முடிஞ்சது. ஊருக்குப் போயிடணும். திரும்பி வரவும் பல வருஷம் ஆகும்."

தூங்கினாலும் சரி. அந்தப் பெண் உதாரணத்துக்கு, போகிற போக்கில் சொன்ன வார்த்தை. வக்கீலம்மாவின் கையில் இருந்த காகிதக் குவளை நசுங்கி, தண்ணீர் நல்ல புடவையில் வழிந்தது.

நெட்டை சொன்னாளே என்றுகூடத் தம்பி மனைவி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"வா, உள்ள போய்ச் சொல்லலாம்" என்றாள் வக்கீலம்மா. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்றேன். இவ அப்படியே சொல்லிட்டான்னு சொல்றேன். நீயும் கூட வாம்மா, நீதான் எடுத்துச் சொல்லணும்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினாள். "சொல்றேன். ஆனா ஒண்ணு. விசாரணைல பொய் சொல்லச் சொல்லிக் குடுத்ததா ஆகும். அது தனிக் கேஸ். உங்க பர்மிட்டையும் எடுத்து வச்சுப் பாப்பாங்க. பரவாயில்லைன்னா வாங்க."

கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. திறந்தும் இருந்தது. அதிகாரி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போ அந்தச் செடியை மறக்காதவர் அவர்தான். வக்கீலம்மா ஓர் அடி வைத்தாள். வேலை பார்க்கும் வீட்டில், அவள் வந்து தூக்கிவிடுவாள் என்று காத்திருக்கும் படுக்கைப் பெரியவரின் முகம் நினைவில் வந்தது. தன் பர்மிட்டின் மேல் ஒட்டியிருக்கும், இளமையான, தன்னுடையது மாதிரியே இல்லாத முகம் வந்தது. ஊரில் அவளுக்கென்று ஒரு அறைகூட இல்லை என்பது வந்தது.

தம்பி மனைவி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "வேணாம்க்கா. வாங்க போலாம்."

வக்கீலம்மா நின்றுவிட்டாள். அப்புறம் திரும்பினாள்.

தம்பி மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தப் பிடியில் பலமே இல்லை. குழந்தை பிடிக்கிற மாதிரிப் பிடி. ஒரு உதறு உதறியிருந்தால் விட்டிருக்கும். நீயாகத் திரும்பினாயா, அவள் திருப்பினாளா என்று அந்த அதிகாரி கேட்டால், எந்த மொழியில் என்ன சொல்வது?

பேருந்தில் தம்பி மனைவி கேட்டாள். "வீட்டு வேலை பாத்துத் தரேன்னீங்களே, அதுவும் இனிமே முடியாதாக்கா?"

"முடியாதும்மா. பர்மிட் இல்லாம யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஓ." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "நெட்டைக்கு ஜோடி யாரைப் போடுவாங்களோ. குள்ளமா ஒருத்தி கிடைச்சா பரவாயில்ல, அவளுக்குப் பழக்கம்."

வக்கீலம்மா சிரிக்க முயன்றாள். அது இருமலாக வந்தது.

போக வேண்டிய நாளை அலுவலகமே குறித்துக் கொடுத்தது. அந்த நாட்களில் வக்கீலம்மா அந்தச் சின்ன அறையில் தன்னை ஒடுக்கிக்கொண்டு நடமாடினாள். மேல் கட்டில் தம்பி மனைவியுடையது. கீழ்க் கட்டில் அவளுடையது. எப்போதும் மேலிருந்து மூச்சுச் சத்தம் வரும், "இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா" என்று வக்கீலம்மா மேல் கட்டிலின் பலகையைத் தட்டுவாள். இப்போது மேலே மூச்சுச் சத்தம் வரவில்லை. தூங்குகிறவளின் அமைதிக்கும் விழித்திருக்கிறவளின் அமைதிக்கும் வித்தியாசம் இருந்தது. அவளால் பலகையைத் தட்ட முடியவில்லை.

ஒருநாள் பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவள் கதவைத் தட்டினாள். வீட்டம்மா வேலையை விட்டுப் போகச் சொல்கிறாள், எங்கே போய் என்ன சொல்வது என்று கேட்டாள். நானே நின்னுட்டேன்னு சொல்லு என்கிற வழக்கமான வார்த்தை வக்கீலம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தவளுக்கு அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அது வீடு, கம்பெனி இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள். புதிதாக வந்தவள் நம்பாமல் நின்றாள். வக்கீலம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லியனுப்பவில்லை.

கிளம்புகிற அன்று மதியம் பெட்டி கட்டினார்கள். கடைசியாகத் தம்பி மனைவியின் படுக்கை விரிப்பு மிஞ்சியது. அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் வக்கீலம்மா. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தார்கள்.

"இழுத்துப் பிடிங்கக்கா. தொங்க விடாதீங்க." தம்பி மனைவியின் குரலில் வேலை தெரிந்தவளின் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "இப்ப என்கிட்ட வாங்க. முனைய என் கையில குடுத்துட்டு, நடுவுல பிடிங்க. அய்யோ, அது இல்ல, மடிப்பு."

வக்கீலம்மா மூன்று தடவை தப்பாகப் பிடித்தாள். ஒவ்வொரு தடவையும் தம்பி மனைவியின் அருகில் வந்தபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மன்னிச்சிடு என்கிற வார்த்தையை அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள்.

"இன்னும் நேரம் இருக்கு. செத்த நேரம் படு" என்றாள்.

"வேணாம்க்கா. அப்புறம் எழுந்திரிக்க மாட்டேன், நீங்க திட்டுவீங்க."

"திட்டலை. படு. என் கட்டில்லயே படு."

தம்பி மனைவி கீழ்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மடித்த விரிப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, அந்த மூச்சுச் சத்தம் கேட்டது.

வக்கீலம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஊரிலிருந்து போன் வந்தது. தம்பி.

"அக்கா, கிளம்பியாச்சா?"

"இன்னும் இல்லடா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா. கேட்டா அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. அவளா வேலைய விட்டாளா, அவங்க நிறுத்தினாங்களா?"

அதே கேள்வி. இந்தத் தடவை மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை.

"அவங்க நிறுத்தினாங்கடா. அவ அதைத்தான் சொல்ல வந்தா." வக்கீலம்மா கட்டிலைப் பார்த்தாள். "நான்தான் சொல்ல விடல."

தம்பி, "உனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்க்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னான்.

"நானும்தான்டா."

"அவகிட்ட குடு."

"தூங்குறாடா."

"எழுப்பு. கிளம்பணும்ல."

தம்பி மனைவியின் கன்னத்தில் விரிப்பின் ஓரத் தையல் மெல்லப் பதிய ஆரம்பித்திருந்தது.

"நேரம் இருக்கு" என்றாள் வக்கீலம்மா. "கொஞ்சம் தூங்கட்டும்."